பிரிட்ஜ் ஏலம்: கேட்பதா, நிறுத்துவதா? மதிப்பெண் கணக்கிலிருந்து முடிவுக்கு ஒரு முழு வழிகாட்டி

உங்கள் கைக்கு இந்த 13 சீட்டு வந்திருக்கிறது:

ஸ்பேடு: ஏஸ், ராஜா, 8, 6, 3
ஹார்ட்: ராஜா, 7
டைமண்ட்: ஏஸ், ஜாக்கி, 5, 2
கிளாவர்: 9, 4

நீங்கள் 1 ஸ்பேடு கேட்டு ஏலத்தைத் தொடங்கினீர்கள். எதிரணி பாஸ். பார்ட்னர் 2 ஸ்பேடு என்றார். மறுபடி பாஸ். இப்போது உங்கள் முறை. 2 ஸ்பேடிலேயே நின்றுவிடுவதா, 3 கேட்டு நூல் விட்டுப் பார்ப்பதா, நேரே 4-க்குப் போவதா?

கையை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. இன்னும் இரண்டு செய்தி தெரிய வேண்டும். நீங்கள் வல்னரபிளா, அதாவது பரிசும் தண்டனையும் கூடுதலாக உள்ள நிலையிலா, இல்லையா? இன்றைய ஆட்டத்துக்கு மதிப்பெண் எந்த முறையில் போடுகிறார்கள்? இவை மாறினால் சரியான பதிலும் மாறும். பிரிட்ஜ் கற்றுத்தருகிறவர்கள் பெரும்பாலும் புள்ளி எண்ணுவதில் தொடங்கி, ஏல மரபுகளை அடுக்கி, மதிப்பெண் அட்டவணையைக் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறார்கள். எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. ஏலத்தில் நாம் கேட்பது ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கிறது. விலை தெரியாமல் சந்தைக்குப் போனால் பேரம் பேச முடியாது. அதனால் இந்த வழிகாட்டி அட்டவணையில் தொடங்குகிறது.

சீட்டு ஆடும் முறை, டம்மி, ஏல வரிசை ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். 28 அல்லது யாழ்ப்பாணத்து 304 ஆடி வளர்ந்தவர்களுக்கு ஏலமும் துருப்பும் எதிரே உட்காரும் பார்ட்னரும் புதிதல்ல. ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். அந்த ஆட்டங்களில் சீட்டுக்குத்தான் மதிப்பு. 28-இல் ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. பிரிட்ஜில் எந்தச் சீட்டுக்கும் தனி மதிப்பெண் கிடையாது. எத்தனை பிடி எடுத்தீர்கள், எத்தனை எடுப்பதாக ஏலத்தில் சொன்னீர்கள் என்பது மட்டுமே கணக்கு.

படி 1: விலைப்பட்டியலை மனப்பாடம் செய்யுங்கள்

மொத்தம் 13 பிடி. முதல் 6 பிடிக்கு மதிப்பெண் இல்லை. ஏழாவதிலிருந்து எண்ணிக்கை தொடங்கும். 4 ஸ்பேடு என்றால் 10 பிடி எடுக்கிறேன் என்று பொருள்.

கேட்டு எடுத்த ஒவ்வொரு பிடிக்கும்: கிளாவர், டைமண்ட் 20, ஹார்ட், ஸ்பேடு 30, துருப்பில்லாத நோ டிரம்ப்பில் முதல் பிடிக்கு 40, பிறகு ஒவ்வொன்றுக்கும் 30.

இந்தப் பிடி மதிப்பெண் 100-ஐத் தொட்டால் அது கேம். 3 நோ டிரம்ப், 4 ஹார்ட், 4 ஸ்பேடு, 5 கிளாவர், 5 டைமண்ட் ஆகியவை அந்த வாசற்படிகள். தொடவில்லையென்றால் பார்ட்ஸ்கோர்.

போனஸ்:
பார்ட்ஸ்கோர்: 50
கேம்: வல்னரபிள் இல்லாதபோது 300, வல்னரபிள் ஆனால் 500
சின்ன ஸ்லாம் (12 பிடி): கூடுதலாக 500 அல்லது 750
பெரிய ஸ்லாம் (13 பிடி): கூடுதலாக 1000 அல்லது 1500

டவுன் ஆனால், அதாவது கேட்ட பிடி வராவிட்டால், எதிரணிக்குப் போவது (டபுள் என்பது ‘உங்களால் முடியாது’ என்று எதிரணி பந்தயத்தை ஏற்றுவது, ரீடபுள் அதற்குப் பதிலாக நாம் மேலும் ஏற்றுவது):
டபுள் இல்லாமல்: பிடிக்கு 50, வல்னரபிள் ஆனால் 100
டபுளுடன், வல்னரபிள் இல்லாதபோது: 1, 2, 3, 4 டவுனுக்கு மொத்தம் 100, 300, 500, 800
டபுளுடன், வல்னரபிள்: அதே வரிசையில் 200, 500, 800, 1100

ரீடபுள் ஆனால் டவுன் கணக்கு இன்னும் இரு மடங்கு. டபுள் போட்ட கான்ட்ராக்ட்டை (ஏலத்தில் முடிவான கேட்பை) எடுத்துவிட்டால் பிடி மதிப்பெண் இரட்டிக்கும், மேலே 50 சேரும். அப்போது கேட்டதற்கு மேல் எடுத்த ஒவ்வொரு பிடிக்கும் 100, வல்னரபிள் ஆனால் 200.

சரிபார்க்கச் சில கணக்கு போட்டுப் பாருங்கள். வல்னரபிள் நிலையில் 4 ஸ்பேடு கேட்டு 10 பிடி: 120 + 500 = 620. வல்னரபிள் இல்லாமல்: 420. 2 ஸ்பேடில் நின்று 10 பிடி எடுத்தால்: 60 + 60 (மேலே வந்த இரண்டு பிடிக்கு) + 50 = 170. அதே பத்துப் பிடி, அதே சீட்டு. கேட்டவருக்கு 620, கேட்காதவருக்கு 170.

இந்த இடைவெளிதான் இன்றைய பிரிட்ஜின் உயிர். முன்பு ஆடப்பட்ட ஆக்‌ஷன் பிரிட்ஜில் எடுத்த பிடி எல்லாம் கேம் கணக்கில் சேர்ந்தன, கேட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும். அதனால் குறைந்த அளவில் ஏலத்தைப் பிடித்துவிட்டு ஆட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம். 1925-இல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பனாமா கால்வாய் வழியாக ஹவானா போன ‘ஃபின்லாந்து’ என்ற கப்பலில், அமெரிக்கச் செல்வந்தர் ஹரோல்டு வாண்டர்பில்ட் நண்பர்களோடு உட்கார்ந்து புதிய மதிப்பெண் முறை ஒன்றைச் சோதித்தார். கேட்ட பிடி மட்டுமே கேமுக்குச் சேரும் என்பது பிரெஞ்சு ஆட்டமான பிளாஃபோனில் ஏற்கெனவே இருந்த விதி. அதோடு ஸ்லாம் போனஸையும் வல்னரபிள் நிலையையும் அவர் சேர்த்தார். ‘வல்னரபிள்’ என்ற சொல்லைக் கொடுத்தது அதே கப்பலில் பயணம் செய்த ஓர் இளம்பெண். இந்த ஆட்டத்தைப் புதிதாக்கியது சீட்டு அல்ல, மதிப்பெண் பட்டியல். ஏலம் இவ்வளவு நுட்பமாக வளர்ந்ததற்கும் அதுவே காரணம்.

படி 2: சீட்டை எடுக்கும் முன் போர்டைப் பாருங்கள்

டூப்ளிகேட் ஆட்டத்தில் (ஒரே சீட்டுகளைப் பல மேசைகளில் ஆடுவது) யார் வல்னரபிள் என்பது சீட்டுகளை வைத்திருக்கும் போர்டிலேயே அச்சாகியிருக்கும். வல்னரபிள் பக்கத்துக்குப் பொதுவாகச் சிவப்பு நிறம். 1-ஆம் போர்டில் யாருமில்லை, 2-இல் வடக்கு-தெற்கு, 3-இல் கிழக்கு-மேற்கு, 4-இல் எல்லோரும். 16 போர்டுக்கு ஒரு சுற்று. சீட்டை விரித்த பிறகு போர்டைப் பார்த்தால் ஆசை முந்திக்கொள்ளும். போர்டைப் பார்த்துவிட்டுச் சீட்டை விரியுங்கள்.

படி 3: கையை எடை போடுங்கள்

ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1. மில்டன் வொர்க் பெயரால் வழங்கும் இந்த எண்ணிக்கையைச் சார்ல்ஸ் கோரன் உலகம் முழுக்கப் பரப்பினார். ஒரு கட்டில் 40 புள்ளி. இருவர் கையும் சேர்ந்து 25 புள்ளியளவில் இருந்தால் 3 நோ டிரம்ப் அல்லது 4 ஹார்ட், 4 ஸ்பேடு எடுபடும். 5 கிளாவர், 5 டைமண்டுக்கு 29 வேண்டும். சின்ன ஸ்லாமுக்கு 33, பெரிய ஸ்லாமுக்கு 37.

இவை நல்ல கைத்தடிகள். ஆனால் தடியே நடக்காது. புள்ளி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். நீளமான சாதியில் (ஸ்பேடு, ஹார்ட் போன்ற ஒரே சின்னச் சீட்டுகளில்) சேர்ந்திருக்கும் ராஜாவும் ராணியும் வேலை செய்யும். இரண்டே சீட்டுள்ள சாதியில் ராணி-ஜாக்கி மட்டும் இருந்தால் அந்த 3 புள்ளியில் பாதிகூடத் தேறாது. 10-உம் 9-உம் கணக்கில் வராமல் பிடி சம்பாதிக்கும். துருப்பு பொருந்திவிட்டால் குறைந்த சீட்டுள்ள சாதிகள் விலை ஏறும், ஏனென்றால் அங்கே வெட்டலாம்.

மேலே உள்ள கை 15 புள்ளி. ஐந்து ஸ்பேடு, இரண்டு இரட்டைச் சாதி. பார்ட்னர் 2 ஸ்பேடுக்கு உயர்த்தியிருப்பதால் அவரிடம் 6 முதல் 9 வரை இருக்கும். கூட்டினால் 21 முதல் 24. வெட்டும் வசதியைச் சேர்த்தால் கேமின் வாசலில் நிற்கிறோம்.

படி 4: கேமா, பார்ட்ஸ்கோரா?

பெரும்பாலான போட்டிகளின் முடிவு இங்கேதான் தீர்மானமாகிறது. ஸ்லாம் எப்போதாவது வரும். இந்தக் கேள்வி ஒரு மாலைக்குள் பலமுறை வரும். அதனால் நிதானமாகப் போவோம்.

குழு ஆட்டத்தில் (நான்கு பேர் ஒரு அணி, இரண்டு மேசையில் அதே சீட்டுகள்) இரு மேசை மதிப்பெண்ணின் வித்தியாசத்தை எடுத்து ஐ.எம்.பி. என்ற அளவுக்கு மாற்றுவார்கள். வித்தியாசம் கூடக்கூட ஐ.எம்.பி. ஏறும் வேகம் குறையும். தேவையான பகுதி இது:

20–40: 1
50–80: 2
90–120: 3
130–160: 4
170–210: 5
220–260: 6
270–310: 7
320–360: 8
370–420: 9
430–490: 10
500–590: 11
600–740: 12
750–890: 13

இப்போது நம் கை. நீங்கள் வல்னரபிள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 4 ஸ்பேடு கேட்கிறீர்கள், மற்ற மேசையில் 2 ஸ்பேடில் நின்றுவிட்டார்கள்.

10 பிடி வந்தால்: 620-க்கு எதிராக 170. வித்தியாசம் 450, லாபம் 10 ஐ.எம்.பி.
9 பிடியோடு நின்றால்: நீங்கள் −100, அவர்கள் 140. வித்தியாசம் 240, நட்டம் 6 ஐ.எம்.பி.

பத்தை வெல்ல ஆறைப் பணயம் வைக்கிறோம். 16-இல் 6 என்றால் 37.5%. அதாவது கேம் எடுபடும் வாய்ப்பு 38 விழுக்காட்டைத் தாண்டினாலே கேட்பது லாபம்.

வல்னரபிள் இல்லையென்றால்? 420-க்கும் 170-க்கும் வித்தியாசம் 250, லாபம் 6. தோற்றால் −50-க்கும் 140-க்கும் வித்தியாசம் 190, நட்டம் 5. 11-இல் 5, ஏறத்தாழ 45%.

புதியவர்களுக்கு இது நேர்மாறாகத் தோன்றும். “வல்னரபிள், ஜாக்கிரதை” என்று அவர்கள் பின்வாங்குவார்கள். தண்டனை இரட்டிப்பு என்பது கண்ணில் படுகிறது, பரிசு இன்னும் அதிகமாக ஏறியிருப்பது படுவதில்லை. கேம் கேட்கும் விஷயத்தில் சிவப்பு நிறம் துணிவுக்கான அழைப்பு.

பார்ட்னரின் சீட்டைத் திறந்து பார்ப்போம்:

ஸ்பேடு: ராணி, 7, 5, 2
ஹார்ட்: 9, 6, 3
டைமண்ட்: ராஜா, 8
கிளாவர்: ராணி, 7, 6, 3

7 புள்ளி. கூட்டினால் 22 மட்டுமே. பிடிகளை எண்ணுங்கள். ஸ்பேடில் ஏஸ், ராஜா, ராணி எல்லாம் நம்மிடம். எதிரணியிடம் உள்ள நான்கும் ஒரே கையில் குவியாவிட்டால் இழப்பில்லை. டைமண்டில் ராஜா, ஏஸ் எடுத்துவிட்டு மீதி இரண்டை டம்மியில் வெட்டலாம். கிளாவரில் இரண்டு போகும். ஆக எல்லாம் ஹார்ட் ஏஸில் வந்து நிற்கிறது. அது உங்கள் வலப்பக்கத்து எதிராளியிடம் இருந்தால், டம்மியிலிருந்து ஹார்ட் இறக்கி ராஜாவைக் காப்பாற்றி 10 பிடி எடுக்கலாம். இடப்பக்கம் இருந்தால் பெரும்பாலும் 9. இது பாதிக்குப் பாதி. துருப்பு மோசமாகப் பிரிவதற்கும், டைமண்ட் வெட்டில் எதிரணி மேல்வெட்டு போடுவதற்கும் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். 45 விழுக்காட்டை ஒட்டி நிற்கும்.

22 புள்ளியில், தோற்கும் வாய்ப்பே அதிகமுள்ள ஒரு கேம். வல்னரபிள் குழு ஆட்டத்தில் இதைக் கேட்காமல் விடுவது தவறு. வல்னரபிள் இல்லையென்றால் கேட்டாலும் விட்டாலும் ஒன்றுதான்.

பார்ட்னரிடம் அதே 7 புள்ளி வேறு மாதிரி இருந்தால்?

ஸ்பேடு: ராணி, 7, 5
ஹார்ட்: ராணி, 6, 3
டைமண்ட்: 9, 6, 3
கிளாவர்: ராணி, ஜாக்கி, 7, 3

இங்கே 10 பிடி எடுக்கப் பெரும்பாடு. ஹார்ட் ஏஸ் எங்கிருந்தாலும் ஒன்று போகிறது, கிளாவரில் இரண்டு, டைமண்டிலும் நட்டம். புள்ளி ஒன்று, பயன் வேறு. இந்த இரண்டையும் பிரித்தறியத்தான் 2 ஸ்பேடுக்குப் பின் 3 டைமண்ட் கேட்கும் வழக்கம். “டைமண்டில் எனக்கு உதவி வேண்டும், இருந்தால் கேமுக்கு வா” என்று பொருள். ராஜா, 8 வைத்திருப்பவர் 4 ஸ்பேடு என்பார். 9, 6, 3 வைத்திருப்பவர் 3 ஸ்பேடு என்று கதவைச் சாத்துவார்.

அழைப்புக்கும் ஒரு விலை உண்டு. 3-இல் நின்று 8 பிடி எடுத்தால், 2-இல் நின்றிருந்தால் கிடைத்திருக்கும் 110 போய்க் கையிலிருந்தும் கொடுக்க வேண்டும். கேம் போனஸுக்கான வாய்ப்பும் இல்லாமல் இந்த நட்டம் வரும். அதனால் என் பழக்கம் இது: அழைப்பவர் நெஞ்சில் உறுதியோடு அழைக்கட்டும், ஏற்பவர் தாராளமாக ஏற்கட்டும். இருவரும் தயங்கித் தயங்கி 3-இல் சந்திப்பதைவிட ஒருவர் 2-இல் நிறுத்துவதோ, மற்றவர் 4-க்குத் தள்ளுவதோ மேல்.

படி 5: ஸ்லாம்

இதில் எண் எளிது. வல்னரபிள் நிலையில் 6 ஸ்பேடு எடுத்தால் 1430. 4-இல் நின்று 12 எடுத்தவருக்கு 680. வித்தியாசம் 750. ஒரு டவுன் ஆனால் −100-க்கும் 650-க்கும் இடையே அதே 750. இரு பக்கமும் 13 ஐ.எம்.பி., ஆகவே 50%. வல்னரபிள் இல்லாவிட்டாலும் இரு பக்கமும் 11, மறுபடி 50%. ஒரு ஃபினஸ் (எதிரணியின் பெரிய சீட்டு நமக்குச் சாதகமான பக்கம் இருக்கும் என்று நம்பி ஆடுவது) மட்டும் வேண்டும் என்றால் நாணயம் சுண்டுவதுதான். ஃபினஸோடு வேறொரு வழியும் இருந்தால் கேளுங்கள். ஃபினஸும் வேண்டும், ஒரு சாதி நல்லபடி பிரியவும் வேண்டும் என்றால் விடுங்கள்.

பெரிய ஸ்லாமுக்குக் கணக்குப்படி 56, 57% போதும். ஆனால் அந்தக் கணக்கு மற்ற மேசை சின்ன ஸ்லாமை எட்டியிருக்கிறது என்று நம்பிப் போடுவது. அவர்கள் கேமிலேயே நின்றிருந்தால், 7 கேட்டு ஒரு பிடியில் தோற்ற நீங்கள் உறுதியாக வந்திருக்க வேண்டிய ஆதாயத்தையும் சேர்த்து எரித்துவிடுகிறீர்கள். 13 பிடியையும் விரல் விட்டு எண்ண முடிந்தால் மட்டும் 7 கேளுங்கள்.

படி 6: எதிரணி ஏலத்துக்குள் வந்தால்

எதிரணி வாய் திறந்ததும் கேள்வி மாறிவிடுகிறது. நமக்கு எவ்வளவு வரும் என்பதைவிட அவர்களுக்கு எவ்வளவு போகாமல் தடுக்கலாம் என்பது முக்கியமாகிறது.

முதலில் பார்ட்ஸ்கோர் சண்டை. பிரெஞ்சுக்காரர் ஷான்-ரெனே வெர்ன் கண்டறிந்த ஒரு விதி இங்கே கைகொடுக்கும். நம் சிறந்த துருப்பில் நமக்குள்ள சீட்டையும், அவர்கள் துருப்பில் அவர்களுக்குள்ள சீட்டையும் கூட்டினால், இரு பக்கமும் தத்தம் துருப்பில் எடுக்கக்கூடிய மொத்தப் பிடிகளுக்கு அது ஏறக்குறையச் சமம். நமக்கு 8 ஹார்ட், அவர்களுக்கு 8 ஸ்பேடு என்றால் 16 பிடி. அவர்கள் 2 ஸ்பேடில் 8 எடுத்தால் −110. நாம் 3 ஹார்ட் போய் 8 எடுத்தால் ஒரு டவுன், −50 அல்லது −100. அவர்களுக்கு 7 மட்டுமே என்றால் நமக்கு 9. 3 ஹார்ட் எடுபட்டு 140. பொருத்தமான துருப்பு கிடைத்த எதிரணியை 2-இல் நிம்மதியாக ஆட விடாதீர்கள் என்பது இதிலிருந்து வருகிறது. 3-இலிருந்து 4-க்குப் போகும்போது அதே துணிவு வேண்டாம். 8 துருப்புக்கு 2, 9-க்கு 3, 10-க்கு 4 என்று நினைவில் வையுங்கள்.

அடுத்து, தெரிந்தே தோற்கும் தியாக ஏலம். எதிரணி 4 ஸ்பேடு எடுக்கும் என்று தெரிகிறது. நாம் 5 டைமண்ட் கேட்டு, டபுள் வாங்கி, டவுன் ஆகிறோம். எத்தனை டவுன் வரை தாங்கும்?

அவர்கள் மட்டும் வல்னரபிள்: 3 (−500, அவர்களின் 620-க்குக் கீழே)
இரு பக்கமும் ஒரே நிலை: 2
நாம் மட்டும் வல்னரபிள்: 1

இந்தப் பட்டியலை எல்லோரும் சொல்லித்தருவார்கள். இதற்குள் ஒரு பொறி இருக்கிறது. 3 டவுன் ஆகி −500 கொடுத்தால் மிச்சமாவது 120, வெறும் 3 ஐ.எம்.பி. அவர்களின் 4 ஸ்பேடு உண்மையில் ஒரு டவுன் ஆகக்கூடியது என்றால்? நமக்கு வர வேண்டிய 100 போய் 500 கொடுத்திருக்கிறோம். 600 வித்தியாசம், 12 ஐ.எம்.பி. நட்டம். மூன்றுக்காகப் பன்னிரண்டு. அவர்கள் எடுப்பார்கள் என்பதில் 80% உறுதி இருந்தால்தான் இது சமன் ஆகும். 2 டவுன் என்றால் கணக்கு மாறுகிறது: லாபம் 8, நட்டம் 9. ஆகவே ‘3 வரை போகலாம்’ என்பதை எல்லைக்கோடாக வையுங்கள், இலக்காக வைக்காதீர்கள். 2 டவுனுக்குள் முடியும் என்று தோன்றும்போது போங்கள்.

மூன்றாவது, டபுள். இதில் நான் கொடுத்த விலை இன்னும் நினைவிருக்கிறது. ஒரு குழுப் போட்டியில் வல்னரபிள் எதிரணி 2 ஸ்பேடில் வந்து நின்றது. எங்கள் பக்கம் புள்ளி அதிகம். நான் டபுள் போட்டேன். அவர்கள் சரியாக 8 பிடி எடுத்தார்கள். டபுளால் பிடி மதிப்பெண் 120 ஆனது. 100-ஐத் தாண்டியதால் அது கேம்! 120 + 50 + 500 = 670. மற்ற மேசையில் எங்கள் அணியினர் அதே 2 ஸ்பேடில் டபுள் இல்லாமல் 110 எடுத்திருந்தார்கள். 560 வித்தியாசம், 11 ஐ.எம்.பி. போட்டியை 4 ஐ.எம்.பி.யில் தோற்றோம். அந்த டபுள் வெற்றி பெற்றிருந்தால் 100-க்குப் பதில் 200, வெறும் 3 ஐ.எம்.பி. மட்டும் கிடைத்திருக்கும். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் 11-க்கு 3 என்ற அந்தப் பேரத்தின் அநியாயம் புரிந்தது. குழு ஆட்டத்தில் 2 ஹார்ட், 2 ஸ்பேடு போன்றவற்றைத் தண்டிக்க, கிட்டத்தட்ட 80% உறுதியோ, இரண்டு டவுனாவது நிச்சயம் என்ற நிலையோ வேண்டும்.

ஏற்கெனவே கேம் ஆகிவிட்ட 4 ஸ்பேடுக்கு டபுள் போடுவதில் அவ்வளவு ஆபத்தில்லை. அவர்கள் எடுத்தால் நட்டம் 170, 5 ஐ.எம்.பி. ஒரு டவுனுக்கு லாபம் 2 அல்லது 3. ஆனால் துருப்பு உங்களிடம் குவிந்திருந்து வல்னரபிள் எதிரணி 3 டவுன் ஆனால் 300-க்குப் பதில் 800, 11 ஐ.எம்.பி. துருப்பின் பிரிவு மோசம் என்பது உங்களுக்குத் தெரிந்து அவர்களுக்குத் தெரியாதபோது டபுள் போடுங்கள். வெறும் புள்ளி பலத்தை நம்பிப் போட்டால், “சீட்டு இந்தப் பக்கம்தான் இருக்கிறது” என்று ஆடுபவருக்கு வழி காட்டியதாகவும் முடியும்.

படி 7: இன்று எந்த ஆட்டம்?

இதுவரை சொன்னது குழு ஆட்டத்துக்கு. கிளப்புகளில் வாரந்தோறும் நடக்கும் ஜோடி ஆட்டம் பெரும்பாலும் மேட்ச் பாயின்ட். அதே போர்டை ஆடிய மற்ற ஜோடிகளோடு உங்கள் மதிப்பெண்ணை ஒப்பிடுவார்கள். நீங்கள் முந்திய ஒவ்வொரு ஜோடிக்கும் 2, சமமானால் 1. 10 மதிப்பெண்ணில் முந்தினாலும் 1000-இல் முந்தினாலும் அதே 2.

பெரிய போனஸின் கவர்ச்சி இங்கே மறைந்துவிடுகிறது. கேம் 50% இருந்தால் கேட்கலாம், குறைந்தால் வேண்டாம். வல்னரபிள் நிலைகூட இந்த முடிவை அசைக்காது. மாறாக, சின்னச் சின்ன வேறுபாடுகள் பூதாகரமாகின்றன. 4 ஸ்பேடில் 10 பிடிக்கு 420. 3 நோ டிரம்ப்பில் 10 பிடிக்கு 430. இரண்டிலும் அதே பத்து வரும் என்றால் நோ டிரம்ப் ஆடியவர் மற்ற எல்லோரையும் முந்திவிடுவார். வெட்டும் வசதியால் ஸ்பேடில் ஒன்று கூடும் என்றால் 450, இப்போது ஸ்பேடு மேல். 5 டைமண்ட் எடுத்து 400 வாங்கினால் 3 நோ டிரம்ப்பில் 430 வாங்கியவர்களுக்குக் கீழே கிடப்பீர்கள். குழு ஆட்டத்தில் பாதுகாப்பான 5 டைமண்ட் நல்ல கான்ட்ராக்ட், ஜோடி ஆட்டத்தில் அது கடைசிப் புகலிடம்.

டபுளும் மாறுகிறது. வல்னரபிள் எதிரணி 3-இல் போட்டியிடும்போது ஒரு டவுன் என்றால் 100. உங்கள் சொந்தப் பார்ட்ஸ்கோர் 140 தந்திருக்கும் என்றால் அந்த 100 போதாது. டபுள் போட்டால் 200, பார்ட்ஸ்கோர் எல்லாவற்றையும் தாண்டும். எனவே குழு ஆட்டத்தில் பைத்தியக்காரத்தனமான டபுள் இங்கே நியாயமானதாக இருக்கக்கூடும். அதையே திருப்பிப் பார்த்தால், நீங்கள் வல்னரபிளாக இருந்து பார்ட்ஸ்கோர் சண்டையில் −200 வாங்கினால் போர்டின் அடியில் போய்ச் சேர்வீர்கள்.

ஜோடியும் குழுவும் தனித்தனித் திறமை கேட்பவை என்பதால் பெரிய போட்டிகளில் இரண்டுக்கும் தனிப் பதக்கம் உண்டு. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் ஆண்கள் ஜோடிப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் வென்றார்கள். பர்தனுக்கு அப்போது வயது 60. 2023-இல் ஹாங்சோவில் இந்திய ஆண்கள் குழு வெள்ளி பெற்றது.

வீட்டில் நண்பர்களோடு ஆடும் ரப்பர் பிரிட்ஜில் பார்ட்ஸ்கோர் கோட்டுக்குக் கீழே காத்திருக்கும். ஏற்கெனவே 60 இருந்தால் இன்னும் 40 போதும். 2 ஹார்ட் கேட்டாலே கேம். அங்கே பழைய மதிப்பெண்ணையும் பார்த்துத்தான் கேட்க வேண்டும்.

முதல் கைக்குத் திரும்பினால் பதில் இது. குழு ஆட்டம், வல்னரபிள்: 3 டைமண்ட் கேளுங்கள், பார்ட்னர் கொஞ்சம் தலையசைத்தாலும் 4 ஸ்பேடு. அப்படிக் கேட்டுப் பழகாத பார்ட்னர் என்றால் நேரே 4. குழு ஆட்டம், வல்னரபிள் இல்லை: 3 டைமண்ட், பதிலை மதித்து நடங்கள். ஜோடி ஆட்டம்: 3 டைமண்ட் கேட்கலாம், ஆனால் பார்ட்னர் ராஜா அளவு உதவியும் நல்ல துருப்பும் இருந்தால் மட்டும் ஏற்கட்டும், பழகாத பார்ட்னரோடு 2 ஸ்பேடில் நிற்பதில் தவறில்லை.

பயிற்சிக்கு ஒரு கை

குழு ஆட்டம். எதிரணி வல்னரபிள், நீங்கள் இல்லை. பார்ட்னர் 2 ஸ்பேடு என்று தொடங்கினார்: ஆறு ஸ்பேடு, 6 முதல் 10 புள்ளி. வலப்பக்கம் 4 ஹார்ட். உங்கள் கையில்:

ஸ்பேடு: ராணி, 9, 7, 4
ஹார்ட்: 8, 3
டைமண்ட்: 6
கிளாவர்: ராஜா, ஜாக்கி, 8, 6, 5, 2

அவர்கள் 4 ஹார்ட்டை எடுப்பார்களா? ஸ்பேடில் 10 சீட்டு நம்மிடம் இருப்பதால் அங்கே நமக்கு ஒரு பிடிக்கு மேல் வராது. கிளாவரில் ஒன்று வரலாம். பார்ட்னரிடம் எதிர்பாராத இரண்டு பிடி இருந்தால்தான் அவர்கள் விழுவார்கள். எடுப்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்: −620.

4 ஸ்பேடு கேட்டால்? 10 துருப்பு, 4-ஆவது படி, விதி பொருந்துகிறது. ஹார்ட்டில் இரண்டு போகும், டைமண்டில் ஒன்று, கிளாவரில் ஒன்றோ இரண்டோ, ஸ்பேடில் சில சமயம் ஒன்று. இரண்டு டவுன், மிஞ்சினால் மூன்று. −300 ஆனால் 8 ஐ.எம்.பி. மிச்சம், −500 ஆனாலும் 3 மிச்சம். யோசிக்காமல், உடனே 4 ஸ்பேடு கேளுங்கள். தயங்கிப் பாஸ் சொல்லிவிட்டால் அந்த 4 ஹார்ட்டிலேயே ஏலம் முடிந்துவிடும். அவர்கள் 5 ஹார்ட்டுக்குப் போனால் அதோடு உங்கள் வேலை முடிந்தது, மறுபடி கேட்காதீர்கள்.

அதே கை, நிறம் மட்டும் திரும்பியிருந்தால், அதாவது நீங்கள் வல்னரபிள், அவர்கள் இல்லையென்றால், அவர்களின் 4 ஹார்ட்டுக்கு 420. உங்கள் இரண்டு டவுனுக்கு −500. அப்போது பச்சை நிறப் பாஸ் அட்டையை எடுத்து மேசையில் வையுங்கள்.